பக் வரும் முன்னே

பயிற்சியாளர் ஐஸ் ஹாக்கி ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். டொராண்டோவின் புறநகர் ஒன்றில் ஜனவரி மாதத்து விடிகாலை. வெளியே வாய் திறந்தால் பல் கூசுகிற குளிர். அரங்கத்துக்குள் அதைவிடக் கொஞ்சம் தேவலை. என் அக்கா மகள், 14 வயது, நீலக்கோட்டில் நின்று பாஸ் வாங்கி, கோலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க வேண்டியவர் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது: அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பக் வந்து ஸ்டிக்கின் பிளேடில் படும்போது ‘டப்’ என்று ஓர் ஓசை. அங்கிருந்து கிளம்பும்போது ‘டமார்’ என்று இன்னோர் ஓசை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது? அன்று காலை அவருக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். பக் வலைக்குள் போனதா, கம்பத்தில் பட்டதா என்று அவர் கேட்கவே இல்லை.

அவளுடைய இடைவெளி நீளமாக இருந்தது. டப். பிறகு பிளேடால் பக்கை இப்படியும் அப்படியுமாக இரண்டு தட்டு. பிறகு தலையைத் தூக்கி ஒரு பார்வை. பிறகு ஸ்டிக்கைத் தோளுக்கு மேல் ஓங்கி, டமார். பலமான அடிதான், சந்தேகமில்லை. பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே மார்பில் அதிர்ந்தது. ஆனால் அந்த இரண்டு தட்டுக்குள் கோல்கீப்பர் நகர்ந்து வந்து, நின்று, முழங்கால் மடக்கித் தயாராகிவிட்டிருந்தாள். எத்தனை பலமாக அடித்தாலும் அந்த அடி அவளுடைய கால் கவசத்தில்தான் போய் முடிந்தது.

ஐஸ் ஹாக்கியை அதிகம் பார்த்திராதவர்களுக்காக ஆடுகளத்தைச் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லில் அது 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம் கொண்ட உறைந்த தரை. அணிக்கு ஆறு பேர்: ஒரு கோல்கீப்பர், மூன்று முன்கள ஆட்டக்காரர்கள், இரண்டு டிஃபென்ஸ்மேன்கள். அடிப்பது பந்தை அல்ல. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர் வட்டை. அதுதான் பக். 7.6 சென்டிமீட்டர் குறுக்களவு, 2.5 சென்டிமீட்டர் தடிமன், 156 முதல் 170 கிராம் எடை. ஏறக்குறைய கிரிக்கெட் பந்தின் எடை. துள்ளாமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைக்கிறார்கள். மாவு தூவிய கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் போவதைப் பார்த்திருப்பீர்கள். பக் ஐஸின் மேல் போவது அதைவிட வழுக்கல். தள்ளிவிட்டால் வேகம் அதிகம் குறையாமல் போய்க்கொண்டே இருக்கும்.

தன் அணி தாக்கும்போது டிஃபென்ஸ்மேன் எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டுக்கு உட்பக்கம் வந்து நிற்கிறார். அந்த இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். அங்கிருந்து கோல் கோடு 19 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கோலின் வாய் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். கவசம் அணிந்த ஒரு மனிதர் அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கிறார். இடையில் ஏழெட்டுப் பேர் இடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கூட்டம். இவ்வளவையும் தாண்டி ஒரு ரப்பர் வட்டு உள்ளே போக வேண்டும்.

பலமாக அடிப்பதுதான் வழி என்று யாருக்கும் தோன்றும். ரசிகர்கள் கொண்டாடுவதும் அதைத்தான். 2012-ஆம் ஆண்டு ஒட்டாவாவில் நடந்த என்.எச்.எல். ஆல்-ஸ்டார் திறன் போட்டியில் ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஸ்டேனோ ஹாரா, 2.06 மீட்டர் உயரமுள்ள டிஃபென்ஸ்மேன், மணிக்கு 175.1 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஸ்லாப் ஷாட் (ஸ்டிக்கை ஓங்கி அடிப்பது) அடித்தார். அபாரமான சாதனை. ஆனால் அந்தப் போட்டியில் பக் அசையாமல் கிடக்கும். தடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். ஓடி வந்து, ஓங்கி, நிதானமாக அடிக்கலாம். ஆட்டத்தில் அப்படிப்பட்ட பக் யாருக்கும் வாய்ப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பக் கோலுக்கு வர 0.46 நொடி ஆகும். 160 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் 0.41 நொடி. வேகத்தை 20 கிலோமீட்டர் கூட்டுவதற்கு ஒரு விளையாட்டு வீரர் வருடக்கணக்காக உடலை வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்துக் கோல்கீப்பரிடமிருந்து அவர் பறிக்கும் நேரம் ஒரு நொடியில் நூற்றில் ஐந்தாறு பங்கு. பக்கை நிறுத்தி, இரண்டு தட்டுத் தட்டி, பார்த்து, ஓங்கி அடிக்க எடுத்துக்கொள்ளும் நேரமோ ஒரு நொடிக்கு மேல். அதை அரை நொடியாகக் குறைத்தாலே போதும், வேகத்தால் கிடைத்ததைப்போல எட்டு ஒன்பது மடங்கு நேரம் கைக்கு வந்துவிடும். இதற்குத் தோள்பலம் வேண்டாம். 14 வயதுப் பெண்ணால் ஒரு குளிர்காலத்துக்குள் கற்றுக்கொள்ள முடியும். பயிற்சியாளர் முதுகைக் காட்டி நின்றதன் நியாயம் இதுதான்.

கோல்கீப்பரின் பக்கமிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் பல விளையாட்டு வீரர்களின் கண் அசைவுகளைப் பதிவு செய்தவர். செயலுக்குச் சற்று முன் பார்வை ஒரே இடத்தில் அசையாமல் நிலைகொள்வதைத் தேர்ந்தவர்களிடம் கண்டு, அதற்கு ‘அமைதியான பார்வை’ என்று பெயர் வைத்தார். டெரெக் பான்ச்சக்குடன் சேர்ந்து 2006-இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்களைப் பற்றியது. பக் பறந்து வரும்போது பார்த்துத் தடுக்கிறார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? அவர்களுடைய பார்வை நிலைகொண்டது அதற்கு முன்பே. அடிப்பவரின் முகத்திலோ தோளிலோ அல்ல. பக்கும் பிளேடும் சேர்ந்திருக்கும் அந்தச் சின்ன இடத்தில். பக் கிளம்புவதற்கு முன் ஏறக்குறைய ஒரு நொடி நேரம் கண் அங்கேயே ஊன்றி நின்றது. பக் எங்கே போகப்போகிறது என்பதை அது புறப்படும் முன்பே அவர்கள் பிளேடில் படித்துவிடுகிறார்கள்.

படிக்க ஒரு நொடி வேண்டும். என் அக்கா மகள் அந்த ஒரு நொடியைத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இதோடு நகர்வும் சேர்கிறது. நீலக்கோட்டில் இரண்டு டிஃபென்ஸ்மேன்கள் பத்து மீட்டர் இடைவெளியில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பக் வலப்பக்கத்தவரிடம் இருக்கும்போது கோல்கீப்பர் அவரை நோக்கி நிற்பார். வலப்பக்கத்தவர் இடப்பக்கத்தவருக்கு பாஸ் கொடுத்தால், கோலிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் நிற்கும் கோல்கீப்பர் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டும். பாஸ் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்தால் முக்கால் நொடிக்கும் குறைவாகவே அவருக்குக் கிடைக்கும். நகர்ந்துவிடுவார், அது பெரிய காரியமில்லை. நகர்ந்த பிறகு நின்று, கண்ணை ஊன்றி, படிக்க வேண்டுமே? அதற்குத்தான் நேரம் இருக்காது. முன்னாள் கோல்கீப்பர் ஸ்டீவ் வாலிகெட், ஆடுகளத்தின் நடுவே கோலிலிருந்து நேராகப் போகும் ஒரு கற்பனைக் கோட்டுக்கு ‘ராஜபாட்டை’ என்ற பொருளில் பெயர் சூட்டினார். அந்தக் கோட்டைக் குறுக்காகத் தாண்டி வரும் பாஸிலிருந்து உடனே பிறக்கும் ஷாட்தான் கோல்கீப்பருக்குப் பெரிய ஆபத்து என்பது அவர் ஆயிரக்கணக்கான ஷாட்களைப் பார்த்து வலியுறுத்திய கருத்து. ‘உடனே’ என்பதை எடுத்துவிட்டால் அந்த ஆபத்தில் பாதி போய்விடும்.

சரி, இடைவெளியைக் குறைப்பது எப்படி? “சீக்கிரம் அடி, சீக்கிரம் அடி” என்று கத்துவதால் ஒன்றும் நடக்காது. அவசரப்பட்டால் பக் பிளேடில் பட்டுத் தெறித்து ஓடிவிடும். அவளுக்கும் அப்படித்தான் பத்துப் பதினைந்து முறை ஓடியது. கோளாறு அடியில் இல்லை, வாங்குவதில் இருந்தது.

160 கிராம் பக், நொடிக்கு 15 மீட்டர் வேகம்: இயக்க ஆற்றல் 18 ஜூல். பிளேடை விறைப்பாக வைத்திருந்தால் ஒரு சென்டிமீட்டருக்குள் அந்த ஆற்றலை நிறுத்த வேண்டியிருக்கும். ரப்பர் அதற்குச் சம்மதிக்காது, எகிறிவிடும். பக் தொட்ட கணத்தில் பிளேடும் அதே திசையில் 15 சென்டிமீட்டர் பின்வாங்கினால், தேவைப்படும் விசை 15-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உயரமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையை மார்புக்கு இழுத்துக்கொள்வதும் மாடியிலிருந்து போடும் சாவிக்கொத்தைக் கீழே நிற்பவர் கை தழைத்து வாங்குவதும் இதே காரியம்தான். ஹாக்கிக்காரர்கள் ‘மென்கை’ என்று சொல்வது இந்தப் பின்வாங்கலை.

அந்தப் பின்வாங்கலை எந்தப் பக்கம் நோக்கிச் செய்கிறோம் என்பதில்தான் பயிற்சியாளரின் முழு வித்தையும் இருந்தது. என் அக்கா மகள் ஸ்டிக்கை இடப்பக்கம் பிடிப்பவள். இடது பாயிண்டில் நிற்பவள். வலப்பக்கத்துத் தோழி கொடுக்கும் பாஸ் அவளுடைய காலுக்கு முன்னால் குறுக்கே ஓடி இடப்பக்கத்துப் பிளேடுக்கு வர வேண்டும். அவளோ பாஸ் கொடுப்பவளைப் பார்த்துத் திரும்பி நின்று, பக்கைத் தன் முன்னால் நிறுத்தினாள். நிறுத்திய இடத்திலிருந்து அடிக்க முடியாது. ஆகவே உடம்பைத் திருப்ப வேண்டும், பக்கைப் பின்னால் இழுக்க வேண்டும், மீண்டும் தேட வேண்டும். அந்த இரண்டு தட்டு கெட்ட பழக்கம் இல்லை. தவறான இடத்தில் வாங்கியதற்கு அவள் கட்டிய வட்டி.

பயிற்சியாளர் அவளுடைய கையைத் தொடவே இல்லை. காலைத் திருத்தினார். பாஸ் புறப்படும் முன்பே இடுப்பு கோலை நோக்கித் திறந்திருக்க வேண்டும். பக் முன்னால் நிற்கக்கூடாது; இடது பாதத்துக்குப் பக்கத்தில், பின்னால், போய்ச் சேர வேண்டும். ஓங்காமல் மணிக்கட்டால் சுண்டி அடிக்கும் ரிஸ்ட் ஷாட் தொடங்கும் இடமும் அதுதான். அப்படி வாங்கும்போது பக்கை மென்மையாக ஏந்த பிளேடு பின்னால் போகிறது அல்லவா? அதுவே அடிக்க ஓங்குவதும் ஆகிவிடுகிறது. வாங்குவது ஒரு வேலை, ஓங்குவது ஒரு வேலை என்று இரண்டு இல்லை. ஊஞ்சல் பின்னால் போய் முன்னால் வருவதைப்போல ஒரே அசைவு. இதை அவள் முதன்முறை செய்தபோது அவளே பக்கைத் தேடினாள், அது வலைக்குப் பக்கத்தில் கிடந்தது.

பாஸ் வாங்காமலே அடிப்பது இன்னொரு வகை. ஒன்-டைமர் என்பார்கள். வரும் பக்கை வந்த கணமே அடிப்பது. இடைவெளி பூஜ்யம். இதற்கு ஒரு கறாரான வடிவியல் உண்டு. பாஸ் வரும் திசையைப் பார்த்து நின்றால் கோல் முன்தோளின் பக்கத்தில் இருக்க வேண்டும். இடப்பக்கம் பிடிப்பவள் இடது பாயிண்டில் நின்று, நடுவிலிருந்து வரும் பாஸைப் பார்த்துத் திரும்பினால் கோல் அவளுக்குத் தவறான பக்கத்தில் விழும், அடிக்கவே முடியாது. அவளே வலது பாயிண்டுக்குப் போனால் எல்லாம் சரியாக அமையும். அதனால்தான் அணிகள் கூடுதல் ஆளோடு தாக்கும் பவர் பிளேயில் இடக்காரர்களை வலப்பக்கமும் வலக்காரர்களை இடப்பக்கமும் நிறுத்துவதைப் பார்க்கிறோம்.

ஒன்-டைமரின் நேரக் கட்டுப்பாடு என்னைத் திகைக்க வைத்தது. குறுக்கே வரும் பக் பிளேடின் நுனியிலிருந்து குதிகால்வரை ஓடுகிறது. விதிப்படி பிளேடின் நீளம் 32 சென்டிமீட்டருக்குள். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் பக் அந்த நீளத்தைக் கடக்க 0.02 நொடிதான் ஆகும். ஓங்கிய பிளேடு அந்த 0.02 நொடிக்குள் அங்கே வந்தாக வேண்டும். கண் இமைக்கும் நேரம் இதைப்போலப் பல மடங்கு. அது மட்டுமா? குறுக்கே வந்த வேகம் பக்கிடம் இன்னும் இருக்கிறது. நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் கோலை நோக்கி அடித்தாலும், பழைய 15 மீட்டர் வேகம் அப்படியே தங்கினால், 18 மீட்டர் போவதற்குள் பக் 7 மீட்டருக்கு மேல் விலகிவிடும். பிளேடில் சுற்றிய துணி டேப்பின் உராய்வும் பிளேடின் வளைவும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. மீதியைச் சரிக்கட்ட பிளேடின் முகத்தை பாஸ் வந்த பக்கம் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு எந்தப் பயிற்சியாளரும் கோணமானி வைத்துச் சொல்லித் தருவதில்லை. கை கற்றுக்கொள்கிறது.

ஆகவே பாஸ் கொடுப்பவர்தான் ஷாட்டின் பாதி. பக் தட்டையாக, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வந்தால் நிலையாக வரும். விளிம்பில் நின்று தள்ளாடி வந்தால் அதை ஒன்-டைமர் அடிக்க நினைப்பதே வீண். வேகம் நொடிக்கு 10 மீட்டராகக் குறைந்தால் அந்த 0.02 நொடி 0.03 ஆகும், அடிப்பவருக்குப் பெரிய கருணை. ஆனால் கோல்கீப்பருக்கும் அதே கருணை கிடைத்துவிடும்.

ஸ்டிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்லாப் ஷாட்டில் பிளேடு நேராக பக்கை அடிப்பதில்லை. ஒரு சாண் பின்னால் ஐஸை அடிக்கிறது. அடித்ததும் ஸ்டிக்கின் தண்டு வில்லாக வளைகிறது. ஆற்றல் அதில் சேர்கிறது. பக்கோடு ஒட்டியிருக்கும் நூற்றில் மூன்று நான்கு பங்கு நொடிக்குள் வில் நிமிர்ந்து பக்கை எறிகிறது. மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் அதிவேகக் கேமராக்களால் இந்த வளைவை நுணுக்கமாகப் படித்திருக்கிறார்கள். தண்டின் மேல் அச்சடித்திருக்கும் எண், அதை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதைச் சொல்கிறது. 100 என்றால் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ எடைக்கு ஈடான விசை. உடல் எடையைப் பவுண்டில் எடுத்துப் பாதியாக்கினால் பொருத்தமான எண் கிடைக்கும் என்பது கடைக்காரர்களும் பயிற்சியாளர்களும் கையாளும் வாய்பாடு. பல வீடுகளில் அண்ணனுடைய ஸ்டிக்கை வெட்டிக் குட்டையாக்கித் தங்கைக்குத் தருகிறார்கள். வெட்டினால் தண்டு மேலும் விறைக்கும். அந்தக் குழந்தையால் அதை வளைக்கவே முடியாது. ஆகவே மேலும் மேலும் ஓங்குகிறாள். இடைவெளி மேலும் நீள்கிறது. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இடைவேளையில் கண்ணாடித் தடுப்போரம் வந்து தண்ணீர் குடித்தவள், மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: “மாமா, நீங்க சயின்ஸ் எழுதுறவர்தானே, சொல்லுங்க. நான் பக்கப் பாக்கணுமா, நெட்டப் பாக்கணுமா? ரெண்டையும் எப்படிப் பாக்க முடியும்?”

மிகச் சரியான கேள்வி. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாதுதான். ஆனால் பக் புறப்பட்டு வந்து சேரும் அந்த முக்கால் நொடிக்கு முன்னாலும் நேரம் இருக்கிறதே? 2000-ஆம் ஆண்டில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் கிரிக்கெட் பேட்ஸ்மேன்களின் கண்களைப் பதிவு செய்தார்கள். பந்தை ஒட்டியே கண் போவதில்லை. கையிலிருந்து விடுபடுவதைப் பார்த்ததும், பந்து குத்தப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிப் போய்க் காத்திருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரிடம் இந்தத் தாவல் சீக்கிரம் நிகழ்கிறது. பார்ப்பது என்றால் தொடர்ந்து பார்ப்பது அல்ல; எப்போது எதைப் பார்ப்பது என்பது. டிஃபென்ஸ்மேனுக்கும் அப்படித்தான். தோழி பாஸ் கொடுக்க முடிவெடுக்கும் முன் ஒரு முறை கோலைப் பார்த்துவிட வேண்டும்: கூட்டத்தில் எங்கே சந்து இருக்கிறது, எதிரணியில் யார் என்மேல் பாய வருகிறார், கோல்கீப்பரின் கண்ணை மறைத்து நம் ஆள் யார் நிற்கிறார். பிறகு பக் வாங்கும்போது முழுக் கண்ணும் பக்கில். வாங்கியபின் தலை தூக்கிப் பார்க்கிறவர் ஏற்கெனவே பிந்திவிட்டவர்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓடிவிட்டாள். அடுத்த பத்து பாஸ்களில் மூன்று முறை, பக் வருமுன்னே அவள் தலை கோல் பக்கம் திரும்பித் திரும்பி வந்ததை எண்ணினேன்.

அடுத்து பயிற்சியாளர் செய்ததைப் பார்த்து ஒரு தாயார் முணுமுணுத்தார். பயிற்சியாளர் வேண்டுமென்றே மோசமான பாஸ்களைக் கொடுக்க ஆரம்பித்தார். ஒன்று காலுக்குள், ஒன்று முதுகுப்பக்கம், ஒன்று தரையில் துள்ளியபடி, ஒன்று மெதுவாக, அடுத்தது சீறிக்கொண்டு. எது வரும் என்று பக் கிளம்பும்வரை தெரியாது. பிள்ளைகள் தடுமாறினார்கள். அதற்கு முன் அழகாகப் போய்க்கொண்டிருந்த பயிற்சி சந்தைக்கடையாகிவிட்டது.

அவர் செய்தது சரி. 1979-இல் ஜான் ஷேயும் ராபின் மார்கனும், சிறு மரத் தடுப்புகளைக் குறித்த வரிசையில் தட்டிச் சாய்க்கும் வேலையை இரண்டு குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்த பிறகே அடுத்ததற்குப் போனது. மற்றது வரிசைகளைக் கலந்து செய்தது. பயிற்சியின்போது முதல் குழு முந்தியது. சில நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பயின்றவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். பயிற்சியில் அழகாகத் தெரிவது வேறு, உடம்பில் தங்குவது வேறு.

இதற்கும் அரை நூற்றாண்டு முன்னால், 1920-களில், மாஸ்கோவின் மத்திய உழைப்பு நிறுவனத்தில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியல் அறிஞர் உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார். ஆண்டுக்கணக்கில் அதே வேலையைச் செய்தவர்கள். ஒவ்வொரு அடியும் அச்சில் வார்த்ததைப்போல இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சுத்தியலின் தலை உளியில் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் பாதை ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. தோள் கொஞ்சம் பிசகினால் மணிக்கட்டு ஈடுகட்டியது. தேர்ச்சி என்பது ஓர் அசைவை மனப்பாடம் செய்வதல்ல. அன்றன்றைய பிசகை அந்தந்தக் கணத்தில் தீர்க்கும் திறமை என்று பெர்ன்ஸ்டைன் கண்டார். நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மோசமான பாஸ் கொடுத்த பயிற்சியாளர் பிள்ளைகளுக்குக் கொடுத்தது பிசகை.

தனியாக நின்று அடித்துப் பழகுவது வீண் என்று சொல்லவரவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் போர்ட் ஹூட் என்ற சிற்றூரில் வளர்ந்த அல் மக்கின்னிஸ், சிறுவயதில் ஒரு வாளி பழைய பக்குகளை வைத்துக்கொண்டு கொட்டகைச் சுவரில் சாத்திய பிளைவுட் பலகையை நோக்கிக் கோடைகாலம் முழுவதும் அடித்தவர். தொழில்முறையில் வலிமையான ஷாட்டுக்கான போட்டியை ஏழு முறை வென்றார். மற்றவர்கள் கார்பன் இழை ஸ்டிக்குகளுக்கு மாறிய காலத்திலும் மர ஸ்டிக்கை விடவில்லை. 1984-இல் அவர் அடித்த ஷாட் ஒன்று செயின்ட் லூயிஸ் கோல்கீப்பர் மைக் லியூட்டின் முகக்கவசத்தைப் பிளந்து வலைக்குள் விழுந்தது. அந்தப் பலத்தை நான் மதிக்கிறேன். பிளைவுட் பலகை அதைத் தரும். ஆனால் பலகை பாஸ் கொடுக்காது.

இடைவெளியின் மதிப்பை எனக்குக் காட்டியவர் ஸ்வீடன் நாட்டு நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்காக ஆடி, ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையை ஏழு முறை பெற்றவர். 2006 பிப்ரவரி 26, டூரின் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். எதிரே அண்டை நாடான பின்லாந்து. இரண்டு பகுதிகள் முடிந்து 2-2. மூன்றாம் பகுதி தொடங்குகிறது. மாட்ஸ் சுண்டின் பக்கை உள்ளே கொண்டுபோய்ப் பின்னால் விட்டுக்கொடுக்கிறார். பின்னாலிருந்து வந்த லிட்ஸ்ட்ரோம் அடிக்கிறார். பகுதி தொடங்கிப் பத்தே நொடி. அந்த ஒலிம்பிக் முழுவதும் பிரமாதமாகக் காத்துநின்ற பின்லாந்துக் கோல்கீப்பர் அன்டெரோ நீட்டிமாக்கியால் அதைத் தடுக்க முடியவில்லை. 3-2, தங்கம் ஸ்வீடனுக்கு. பத்து நொடிக்குள் ஆட்டத்தைத் தொடங்கி, கடத்தி, பின்னால் கொடுத்து, அடித்து முடித்திருக்கிறார்கள் என்றால் எந்த இடத்திலும் யாரும் பக்கை வைத்துக்கொண்டு யோசிக்கவில்லை என்று பொருள்.

இன்றைய தலைமுறையில் கொலராடோவின் கேல் மக்கார் வேறொரு வழி காட்டுகிறார். பக் வாங்கியதும் நீலக்கோட்டை ஒட்டிப் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போகிறார். தன்னை மறிக்க வந்தவர் ஒரு எட்டு தப்பாக வைத்ததும் ரிஸ்ட் ஷாட் பறக்கிறது. 2024-25 பருவத்தில் 30 கோல். ஒரு டிஃபென்ஸ்மேனுக்கு மிக அரிய எண்ணிக்கை. ஓங்கும் வேலையே இல்லாததால் எப்போது அடிப்பார் என்று கோல்கீப்பரால் சொல்ல முடிவதில்லை.

ஆனால் நீலக்கோட்டில் நிற்பவருக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. அவருக்குப் பின்னால் கோல்கீப்பரைத் தவிர ஆள் இல்லை. வாங்கும்போது பக் கைநழுவி நீலக்கோட்டைத் தாண்டிவிட்டால் தாக்குதல் அங்கேயே கலைந்துவிடும். ஆஃப்சைடு விதிப்படி எல்லோரும் வெளியே வந்து மறுபடி நுழைய வேண்டும். அதைவிடக் கொடுமை, மறிக்க வந்த எதிரணிக்காரர் அந்தப் பக்கைப் பறித்துக்கொண்டு தனியாக நம் கோலுக்கு ஓடுவது. அவர் நொடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகத்தில் வருகிறார். ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவர் முக்கால் நொடிக்குள் நம்மேல் இருப்பார். அப்போது ஓங்கினால் அடி அவருடைய முழங்கால் கவசத்தில் பட்டு, பக் அவர் முன்னாலேயே விழும். ஆகவே சீக்கிரம் அடிப்பதோடு சீக்கிரம் அடிக்காமல் விடுவதையும் சேர்த்தே பழக வேண்டும். இரண்டு முடிவுக்கும் உள்ள நேரம் ஒன்றுதான். இரண்டையும் பக் வருமுன்னே எடுக்க வேண்டும்.

பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடம். பயிற்சியாளர் மீண்டும் திரும்பி நின்றுகொண்டார். இந்த முறை உதவியாளர் ஒருவர் பாஸ் கொடுத்தார். மறிக்க ஒரு பையனும் நிறுத்தப்பட்டிருந்தான். என் அக்கா மகளின் முறை வந்தது. டப்-டமார். இடைவெளி பாதியாகியிருந்தது. இரண்டாவது, டப்-டமார். மூன்றாவது பாஸ் துள்ளிக்கொண்டு வந்தது. பையன் பாய்ந்து வந்தான். டப் என்றது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். அவள் பக்கை அடிக்காமல், பலகையை ஒட்டி மூலைக்கு மெல்லத் தள்ளிவிட்டிருந்தாள். மூலையில் அவளுடைய அணித்தோழி அதை எடுத்துக்கொண்டிருந்தாள். பையன் வெறும் ஐஸின் மேல் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தான். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. உதவியாளரைப் பார்த்துக் கையசைத்து அடுத்த பாஸைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.